நாலாம் நம்பரின் நெஞ்சு

பயிற்சிக்கூடத்தில் ஆறு மாப்பிள்ளைகள் இருந்தார்கள். ஆறு மேசைகளின்மேல் ஆறு பேரும் மல்லாந்து படுத்திருந்தார்கள். இடுப்புக்குக் கீழே அவர்களுக்கு உடம்பு கிடையாது. வாய் மட்டும், ஏதோ சொல்ல வந்து பாதியில் மறந்துபோனவர்களைப் போலத் திறந்திருக்கும். படுத்த இடத்திலேயே படுத்துக்கொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம் உபசாரம் வாங்கிக்கொள்கிறவர்களுக்கு வேறென்ன பெயர் பொருந்தும் என்று முன்பொரு வகுப்பில் யாரோ வைத்த பெயர் அது. அப்படியே நிலைத்துவிட்டது.

உண்மையில் அவை ஆம்புலன்ஸ் ஊழியர்களைப் பழக்குவதற்கான ரப்பர் பொம்மைகள். நின்றுபோன இதயத்தை மீண்டும் ஓடவைக்க, மார்பின் நடுவே இரு கைகளையும் வைத்து அழுத்த வேண்டும் அல்லவா? எவ்வளவு ஆழம், எவ்வளவு வேகம், அழுத்திய கையை முழுதாக விடுகிறார்களா என்பதையெல்லாம் பொம்மையின் மார்புக்குள் இருக்கும் சென்சார்கள் அளந்து பக்கத்திலுள்ள டேப்லெட் திரைக்கு அனுப்பும். ஐந்து சென்டிமீட்டர் இறங்கினால் திரையில் பச்சைக் கோடு. இறங்காவிட்டால் மஞ்சள். ஆறைத் தாண்டினால் சிவப்பு. இரண்டு நிமிடத்தில் நூற்றுக்கு எண்பது அழுத்தமாவது பச்சையாக விழ வேண்டும், அதுதான் தேர்ச்சி. பொம்மைகளுக்கு முகதாட்சண்யம் கிடையாது. எதிரே நிற்பவர் அழுதாலும் சிரித்தாலும் அவற்றுக்கு ஒன்றுதான்.

அவற்றைப் பராமரிப்பவரைக் கூடத்தில் எல்லாரும் தராசு அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். இந்த வேலைக்கு வருமுன் பதினான்கு ஆண்டுகள் கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்துச் சரிசெய்தவர் அவர். ஒரு கிலோ என்றால் ஒரு கிலோ என்று காட்டவைத்த கை. அந்தக் கைக்கு ஸ்பிரிங்கும் திருகாணியும் பழகிய சொந்தக்காரர்கள். ஒவ்வொரு வகுப்பும் முடிந்தபின் மாப்பிள்ளைகளின் முகத்தை ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைப்பார். நுரையீரலாக உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் பையை மாற்றுவார். மாதம் ஒருமுறை மார்பைத் திறந்து ஸ்பிரிங்கின் விறைப்பைச் சோதிப்பார். "மாப்பிள்ளைக்கு இன்னைக்கு மனசு சரியில்ல போல, அண்ணா" என்று யாராவது சொன்னால், "மனசெல்லாம் சரியாத்தான் இருக்கு, உன் கைதான் வழுக்குது" என்பார்.

அந்த மூன்று மாத வகுப்பில் இருபத்திரண்டு பேர். அதில் ஒருத்தியைச் சிட்டு என்று அழைத்தார்கள். வயது முப்பத்தெட்டு. ஆனால் உருவம், பள்ளிக்கூட வரிசையில் என்றும் முதலில் நிறுத்தப்படுகிறவளின் உருவம். மேசையருகே வந்து நின்றால் மேசைவிளிம்பு விலா எலும்பைத் தொடும். குரல் மட்டும் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாதது. "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று அவள் எண்ண ஆரம்பித்தால் மற்ற ஐந்து மேசைக்காரர்களும் தங்களையறியாமல் அவள் எண்ணிக்கைக்கே அழுத்துவார்கள். அந்தக் குரல் சும்மா வந்ததல்ல. ஒன்பது ஆண்டுகள் அவள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி எடுப்பவளாக இருந்தாள். வண்டி போய்ச் சேரும்வரை, மறுமுனையில் பதறிக்கொண்டிருப்பவர்களுக்கு என்ன செய்ய வேண்டும் என்று வரிவரியாகச் சொல்வது அவள் வேலை. வண்டி வந்துவிட்டது என்று கேட்டதும் அழைப்பு துண்டிக்கப்படும். அப்புறம் அந்த மனிதர் என்ன ஆனார் என்பது அவளுக்குத் தெரியாது.

"ஒன்பது வருஷம் கதையோட முதல் பக்கத்தை மட்டும் படிச்சிருக்கேன் அண்ணா," என்று ஒருநாள் தேநீர் வேளையில் அவள் சொன்னாள். "ஒரு தடவையாவது வண்டியில போயி கடைசிப் பக்கத்தையும் பாக்கணும்."

அதற்காகத்தான் வேலை மாற்றம் கேட்டு இங்கே வந்திருந்தாள். எழுத்துத் தேர்வில் அவள்தான் முதல். கட்டுப்போடுவதில், ஸ்ட்ரெச்சர் தூக்குவதில், நாடி பார்ப்பதில் குறை சொல்ல முடியாது. மாப்பிள்ளையிடம்தான் மாட்டிக்கொண்டாள். முதல் சோதனையில் நூற்றுக்கு அறுபத்தொன்று. அடுத்ததில் அறுபத்துநான்கு. மூன்றாவதில், மிகவும் முயன்றதாலேயோ என்னவோ, ஐம்பத்தெட்டு. விதிப்படி நான்கு வாய்ப்புகள். நான்காவதிலும் தவறினால் அவள் திரும்பப் போய் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே தொலைபேசியை எடுக்க வேண்டியதுதான். மீண்டும் விண்ணப்பிக்க இடமில்லை.

"கையில பலம் இல்லம்மா," என்றார் தலைமைப் பயிற்சியாளர். கறாரானவர், ஆனால் கெட்டவர் அல்லர். மாணவர்கள் அவர் முதுகுக்குப் பின்னால் முட்டி சார் என்பார்கள். முழங்கால் மூட்டு தேய்ந்து, ஒவ்வொரு முறை நாற்காலியிலிருந்து எழும்போதும் "அப்பாடி" என்றொரு முனகல் அவரிடமிருந்து வரும். "தினமும் தண்டால் எடுங்க. வேற வழி எனக்குத் தெரியல."

"எடுக்கிறேன் சார். தினம் நாப்பது."

"அப்ப அம்பது எடுங்க."

சிட்டு சிரித்தாள். ஆனால் திரும்பி நடந்தபோது இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்துக்கொண்டே போனதைத் தராசு அண்ணன் கவனித்தார். கணக்கில் தவறிய பிள்ளை தன் பலகையைப் பார்ப்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. அவருக்கு மனம் கேட்கவில்லை.

மனம் கேட்காதபோது மனிதன் செய்கிற காரியங்களில் நல்லவையும் உண்டு, தப்பானவையும் உண்டு; செய்யும் நேரத்தில் இரண்டும் ஒரே முகத்தோடுதான் வந்து நிற்கின்றன. நான்காவது சோதனைக்கு முந்தைய நாள் மாலை, எல்லாரும் போனபின், தராசு அண்ணன் மேசை இழுப்பறையைத் திறந்தார். உழைத்து ஓய்ந்துபோன ஸ்பிரிங் ஒன்று அதில் கிடந்தது. தராசுத் தொழிலில், தேறாத எடைக்கல்லை யாரும் மறுபடி பயன்படுத்தாதபடி சுத்தியலால் அடித்துச் சிதைத்துவிடுவது வழக்கம். இங்கே அந்த வழக்கத்தை அவர் விட்டுவிட்டார். எதற்காவது உதவும் என்று போட்டுவைத்திருந்தார். இப்போது அது உதவியது. நாலாம் நம்பர் மாப்பிள்ளையின் மார்பைத் திறந்து, விறைப்பான ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, ஓய்ந்ததைப் பொருத்தினார். சென்சாரை அவர் தொடவில்லை. 'ஐந்து சென்டிமீட்டர் ஐந்து சென்டிமீட்டர்தானே. பொய் ஒன்றும் இல்லையே' என்று தமக்குத்தாமே சொல்லிக்கொண்டார். அப்படிச் சொல்லிக்கொள்ள வேண்டியிருந்ததே, அது பொய் என்பதற்கு நல்ல அத்தாட்சி.

மறுநாள் சோதனையில் சிட்டுவுக்கு நாலாம் நம்பர் வந்தது. அப்படி வரும்படி பெயர்ப் பட்டியலை அடுக்கியவரும் தராசு அண்ணன்தான். கணீரென்று எண்ணத் தொடங்கினாள் அவள். திரையில் பச்சை, பச்சை, பச்சை. இருபதாவது அழுத்தத்தில் அவள் குரல் ஒரு கணம் தடுமாறியது. பிறகு சமாளித்துக்கொண்டு முடித்தாள். தொண்ணூற்றிரண்டு.

கூடமே கைதட்டியது. முட்டி சார் "அப்பாடி" என்று எழுந்து வந்து, "தண்டால் வேலை செஞ்சிருக்கு பாத்தீங்களா!" என்றார். யாரோ, "மாப்பிள்ளை எழுந்து உக்காந்துடப் போறாரு, புடிங்கப்பா" என்று கத்தினார்கள். சிட்டு எல்லாருக்கும் நன்றி சொன்னாள். ஆனால் அவள் கண் ஒருமுறை நாலாம் நம்பர்மேல் விழுந்து, பிறகு தராசு அண்ணன்மேல் விழுந்தது. அவர் குனிந்து, காலியாக இருந்த குப்பைக்கூடையைக் கிளறினார்.

அன்று மாலை வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. அவர் மனைவி மழலையர் பள்ளி ஆசிரியை. நாளொன்றுக்கு ஒரு கதையாவது கட்டாமல் அவளுக்குப் பொழுது போகாது.

"என்னங்க, தட்டுல கோலம் போட்டுகிட்டு இருக்கீங்க?"

மறைத்துப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். நடந்ததை நடந்தபடி சொன்னார். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ ஒரு கரண்டிக் குழம்பை அவர் தட்டில் ஊற்றிவிட்டு, "நாளைக்கு என் பிள்ளைங்களுக்கு ஒரு கதை வேணும். பாதி கட்டி வச்சிருக்கேன், கேளுங்க" என்றாள்.

"இப்பவா டீச்சர்?"

"இப்பதான். ஒரு காட்டுல ஒரு பள்ளம் இருந்துச்சாம். அதுல இறங்கி ஏற, ஒரு மரத்து உச்சியில மாட்டின கயித்துல ரெண்டு கூடை. ஒருத்தர் இந்தக் கூடையில ஏறினா, எதிர்க் கூடையில அவருக்குச் சமமா இன்னொருத்தர் ஏறணும். ஒண்ணு மெல்ல இறங்கும், இன்னொண்ணு மெல்ல ஏறும். எதிர்க் கூடையில உக்காருற வேலை எனக்கு வேணும்னு முயல் கேட்டுச்சாம். எடை பாக்கிறவரு கரடியார். ரொம்ப நல்லவரு. முயலோட மூஞ்சியப் பாத்தாரு, பாவமா இருந்துச்சு. தராசுத் தட்டுல தன் கட்டை விரலை மெதுவா வச்சு அமுக்கி, 'ஆட்டு எடை இருக்கே நீ!'ன்னு வேலைய குடுத்துட்டாரு."

தராசு அண்ணனின் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"மறுநாள் ஆடு வந்து இந்தக் கூடையில ஏறிச்சு. முயல் அந்தக் கூடையில ஏறிச்சு. கயித்த அவுத்தாங்க. சொல்லுங்க, இப்ப ஆடு எங்க?"

"பள்ளத்துல," என்றார் அவர், ஈனசுரத்தில்.

"முயல் எங்க?"

"மரத்து உச்சியில."

"கரடியார் எங்க?"

அவர் குழம்பைச் சோற்றில் பிசையத் தொடங்கினார்.

"கரடியார் வீட்டுல உக்காந்து குழம்பு ஊத்திச் சாப்பிட்டுகிட்டு இருக்காரு," என்றாள் அவள். "இதுக்கு மேல கதை எப்படிப் போகும்னு எனக்குத் தெரியல. நீங்க நாளைக்குப் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க."

மறுநாள் காலை முதல் வேலையாக முட்டி சாரிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு, வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே அவர் பயிற்சிக்கூடத்துக்கு வந்தார். பூட்டிய கதவின்முன், படிக்கட்டில், சிட்டு உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணா, நாலாம் நம்பருக்கு என்ன ஆச்சு?"

அவர் கொத்தில் சாவியைத் தேடினார்.

"எதுக்கு கேக்குற தங்கச்சி?"

"மூணு மாசமா அந்த மார்புல கைய வச்சிருக்கேன். யார் வீட்டு மெத்தை எப்படி இருக்கும்னு அவங்கவங்க முதுகுக்குத் தெரியாதா? நேத்து கைய வச்சா புதுத் தலையணை மாதிரி இறங்குது. ஒரே ராத்திரியில எனக்குப் பலம் வந்துடுச்சுன்னு நம்ப நான் சின்னப் பிள்ளையா?"

கதவு திறந்தது. உள்ளே போய், விளக்கைப் போட்டு, அவளைப் பார்க்காமல் நாலாம் நம்பரைப் பார்த்துக்கொண்டே அவர் சொல்லி முடித்தார்.

"எம்மேல இரக்கமா அண்ணா?" என்றாள் கடைசியில்.

"தப்புதான் தங்கச்சி. இப்பவே சார்கிட்டச் சொல்லப் போறேன். முதல்ல இதை மாத்திடுறேன்."

ஸ்பிரிங் மாற்றும்போது சின்னத் திருகாணிகள் உருண்டு ஓடும். சோதனைக்கு முந்தைய மாலை அவசரத்தில் மேசையிலேயே மாற்றி ஒரு திருகாணியைத் தொலைத்து, அரைமணி நேரம் மேசைக்கடியில் தவழ்ந்திருந்தார். அதனால் இப்போது நாலாம் நம்பரைத் தூக்கித் தரையில் விரித்த துணிமேல் கிடத்தி, எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார். சிட்டு நின்றுகொண்டே பேசினாள். அவளுக்குக் கோபம் வந்தாலும் குரல் உயர்வதில்லை, இன்னும் தெளிவாகிவிடும்.

"அந்த நாற்காலியில நான் எத்தனை பேர்கிட்டப் பேசியிருப்பேன் தெரியுமா? அழுவாங்க. கை வலிக்குது, என்னால முடியலம்பாங்க. எனக்கும் இரக்கம் வரும். ஆனா ஒரு நாளும் 'போதும், நல்லாச் செஞ்சீங்க, விட்டுடுங்க'ன்னு சொன்னதில்ல. சொல்லியிருந்தா அது இரக்கமா? ஒரே பாட்டுத்தான் பாடுவேன். பயப்படாதீங்க, நான் லைன்லயே இருக்கேன். முதல்ல ஆளைக் கட்டில்லேருந்து இறக்கித் தரையில படுக்க வைங்க. பக்கத்துல ஒட்டி முட்டி போடுங்க. உங்க தோள் அவர் மார்புக்கு நேர் மேல வரட்டும். கைய மடக்காதீங்க. இப்ப உங்க உடம்பு எடையக் கைமேல விடுங்க. அழுத்துங்க. நிறுத்தாதீங்க. இதுதான். இதுல ஒரு வார்த்தை நான் குறைச்சுச் சொன்னதில்ல."

விறைப்பான ஸ்பிரிங்கைப் பொருத்தி, மார்பை மூடிக்கொண்டிருந்த தராசு அண்ணனின் கையில் திருப்புளி நின்றது.

"அதைத் திரும்பச் சொல்லு தங்கச்சி."

"எதை? நிறுத்தாதீங்கன்னா?"

"அதுக்கு முன்னால. முதல்லேருந்து."

"ஆளைத் தரையில படுக்க..." என்று தொடங்கியவள் அப்படியே வாயடைத்துப் போனாள்.

இருவரும் மற்ற ஐந்து மாப்பிள்ளைகளையும் பார்த்தார்கள். ஐந்து பேரும் மேசைமேல் சுகமாகப் படுத்திருந்தார்கள்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், முட்டி சாரின் மூட்டு முதன்முதலில் தேய்ந்தபோது, தரையில் குனிந்து சொல்லிக்கொடுக்க முடியவில்லை என்று, ஒரே ஒரு வாரத்துக்காக மாப்பிள்ளைகளை மேசைக்கு ஏற்றினார்கள். ஏற்றியவரே தராசு அண்ணன்தான். ஒரு வாரம் நான்கு ஆண்டுகளாகிவிட்டது. உயரமானவர்கள் மேசையின் மேலே கவிந்து நின்று அழுத்தினார்கள். அவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை. குட்டையானவர்கள் தோளுக்கு நேரே கையை நீட்டி, சுவரைத் தள்ளுவதுபோல் தள்ளிவிட்டு, தங்கள் கையில் பலமில்லை என்று நம்பி வீட்டுக்குப் போய்த் தண்டால் எடுத்தார்கள்.

"எடை மேலேருந்து நேரா இறங்கணும்," என்றார் தராசு அண்ணன் மெதுவாக. "பதினாலு வருஷம் இதைத்தானே பாத்தேன்! பக்கவாட்டுல தள்ளினா எந்தத் தராசு நிறை காட்டும்? என் புத்தி எங்க போச்சு?"

"எனக்கு மட்டும் என்னவாம்?" என்றாள் சிட்டு. "மேசை இல்லாதவங்களுக்குத்தான் தரைன்னு நினைச்சுட்டேன் போல." அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, கண்ணிலும் நீர் வந்துவிட்டது. எது முதலில் வந்தது என்று சொல்ல முடியாது.

அவள் முட்டி போட்டாள். தோளை நேரே கொண்டுவந்தாள். அவர் டேப்லெட்டை உயிர்ப்பித்து, திரை அவளுக்குத் தெரியாதபடி தம் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். காலிக் கூடத்தில் அந்தக் குரல் எழுந்தது. ஒண்ணு. ரெண்டு. மூணு. இப்போது அவள் கைகள் தள்ளவில்லை. அவள் முழு உடம்பும், இருக்கிற கொஞ்சம் எடையும், மேலேயிருந்து ஒரே சீராக இறங்கி எழுந்தது. விறைப்பான ஸ்பிரிங் பெரும்பாலும் வேண்டிய ஆழம்வரை போய்த் திரும்பியது. இரண்டு நிமிடம் முடிந்ததும் அவர் திரையைத் திருப்பிக் காட்டினார். எண்பத்தாறு.

"இது உண்மையா?" என்றாள் அவள், மூச்சு வாங்க.

"இது உண்மை," என்றார் அவர். அந்த இரண்டு சொற்களை அப்படி நிம்மதியாகச் சொல்ல முடிந்ததற்காக, எதிரே முட்டி போட்டிருந்த அந்தப் பெண்ணைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது அவருக்கு.

ஆனால் எண்பத்தாறு அவர்கள் இருவருக்கும் மட்டுமே தெரிந்த எண். ஏட்டில் இருந்ததோ தொண்ணூற்றிரண்டு. அதை அடித்துவிட்டால் நான்கு வாய்ப்புகளும் தீர்ந்தவளாக அவள் நிற்பாள். அடிக்காவிட்டால் திங்களன்று சான்றிதழ் தானாக வந்துவிடும்.

"நான் மட்டும் போய் என் தப்பைச் சொல்லிடுறேன்," என்றார் தராசு அண்ணன். "உன் வாய்ப்பு போயிடுச்சுன்னா..."

"போனா போகட்டும். வாங்க," என்று அவள் முன்னால் நடந்தாள்.

முட்டி சார் எல்லாவற்றையும் கேட்டார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.

"தராசு, இந்த வகுப்புல இருபத்திரண்டு பேர். அதுல யார் நாளைக்கு யார் வீட்டு வாசல்ல போய் நிப்பாங்கன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியாது சார்."

"எனக்கும் தெரியாது. அதனாலதான் பொம்மைக்குள்ள சென்சார் வச்சிருக்கு. நம்ம ரெண்டு பேரோட நல்ல மனசும் அதுக்குத் தேவையில்ல."

"ஆமா சார்."

"இனிமே ஸ்பிரிங் மாத்தினா ரெண்டு பேர் கையெழுத்து. இழுப்பறைச் சாவி என்கிட்ட. உன் பேருல எழுத்துல ஒரு கண்டிப்பும் போகும்."

"போடுங்க சார்," என்றார் தராசு அண்ணன். கண்டிப்புக் கடிதத்தை இத்தனை ஆசையோடு யாரும் கேட்டு வாங்கியிருக்க மாட்டார்கள்.

அப்புறம் முட்டி சார் சிட்டுவின் பக்கம் திரும்பினார். அவள் விரல்களைப் பின்னால் கோத்துக்கொண்டு நின்றாள்.

"ஏம்மா, திங்கட்கிழமை வரைக்கும் வாய மூடிகிட்டு இருந்திருந்தா சான்றிதழ் வந்திருக்குமே?"

"வந்திருக்கும் சார். அப்புறம் வண்டியில போயி ஒருத்தர் மார்புல கைய வைக்கும்போது, எனக்குத் தெரியுமா தெரியாதான்னு எனக்கே தெரிஞ்சிருக்காது."

முட்டி சார் ஏட்டில் இருந்த தொண்ணூற்றிரண்டை அடித்தார். "கருவி சரியில்லாத சோதனை சோதனையே இல்ல," என்றார். "நேத்து நடந்தது செல்லாது. அதனால நாலாவது வாய்ப்பு இன்னும் உங்க கையில அப்படியே இருக்கு. பொம்மை எதுன்னு நான் சொல்றேன். இடம் எதுன்னு..." அவர் கொஞ்சம் தயங்கினார். தயங்கியபோது, அந்தக் கறாரான முகம் முதன்முறையாகத் தவறு செய்தவரின் முகமாக மாறியது. "இடம் தரைதான். மேசைக்கு ஏத்தினது என் மூட்டுக்காக. என் முழங்காலுக்கு வந்த நோவுக்கு உங்க கைமேல பழி போட்டுட்டேன். மன்னிச்சுடுங்கம்மா."

"ஐயோ, விடுங்க சார்," என்றாள். "அந்த அம்பது தண்டாலாவது வீண்போகாம இருக்கட்டும்."

அன்று பிற்பகல் ஆறு மாப்பிள்ளைகளும் தரைக்கு இறங்கினார்கள். இறக்கியவர் தராசு அண்ணன், ஒவ்வொருவரையும் கைத்தாங்கலாக. "மாப்பிள்ளைங்களுக்கு மவுசு குறைஞ்சு போச்சே!" என்று வகுப்பு கேலி செய்தது. முட்டி சார் ஆறாம் நம்பரைத் தேர்ந்தெடுத்தார். எவரும் எதிர்பாராதபடி, இரண்டு தலையணைகளைப் போட்டு, "அப்பாடி, அம்மாடி" என்று மாறி மாறி முனகிக்கொண்டு, தாமும் தரையில் எதிரே உட்கார்ந்தார். சிட்டு எண்ணினாள். மற்றவர்கள் சும்மா நின்று, உதட்டை மட்டும் அசைத்து அவளோடு எண்ணினார்கள்.

எண்பத்தேழு.

இம்முறை கைதட்டு கூடமே அதிர எழுந்தது. சிட்டு எழுந்து முட்டி சாரின் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். அவரைத் தூக்க இன்னும் இருவர் வர வேண்டியிருந்தது. பிறகு அவள் ஸ்பிரிட் பஞ்சை எடுத்துக்கொண்டு நாலாம் நம்பரிடம் போனாள். அதன் முகத்தைத் தானே துடைத்தாள்.

"உன்மேல கோபம் இல்லப்பா," என்று அதனிடம் சொன்னாள், அடுத்த மாப்பிள்ளையைத் துடைத்துக்கொண்டிருந்த தராசு அண்ணனுக்குக் கேட்கும்படி. "உன் நெஞ்சு நேத்து ரொம்ப இளகிப்போச்சு. அவ்வளவுதான். எனக்காக நெஞ்சு இளகினவங்க ரொம்பப் பேர் இல்ல. அதுக்கு நன்றி."

தராசு அண்ணன் நிமிர்ந்தார். "நான்ல சொல்லணும் தங்கச்சி. நீ வந்து படியில உக்காரலேன்னா, பதினாலு வருஷம் சேத்த பேரை நானே தொலைச்சிருப்பேன்."

"அண்ணா, ரெண்டு பேரும் மாத்தி மாத்தி நன்றி சொல்லிகிட்டே இருந்தா வண்டி கிளம்பிடும்."

அதற்குள் முட்டி சார் பழைய பதிவேடுகளை வரவழைத்திருந்தார். நான்கு ஆண்டுகளில் மேசைமேல் தோற்றவர்கள் பதினொரு பேர். பெயர்களைப் பார்த்தபோதே சிலரது முகம் நினைவுக்கு வந்தது, எல்லாரும் சிட்டுவைப் போலக் குட்டையான முன்வரிசைக்காரர்கள். பதினொரு பேருக்கும் கடிதம் தயாரானது. தவறு உங்கள் கையில் இல்லை, எங்கள் மேசையில் இருந்தது, விருப்பமிருந்தால் மீண்டும் வாருங்கள் என்று அதில் எழுதச் சொன்னார். வண்டிக்குள்ளும் மருத்துவமனையிலும் உயரமான ஸ்ட்ரெச்சர் இருக்குமே என்று ஒருவர் கேட்டதற்கு, ஏறி நிற்க ஒரு மரப்படி செய்வது என்று தீர்மானமாயிற்று. தச்சர் சிட்டுவை நிறுத்தி அளவெடுத்தார். அதற்குச் சிட்டுப்படி என்று அன்றைக்கே பெயரும் விழுந்துவிட்டது.

வீட்டுக்குக் கிளம்புமுன் தராசு அண்ணன் முட்டி சாரிடம் சாவி கேட்டு இழுப்பறையைத் திறந்து, தேய்ந்த ஸ்பிரிங்கை எடுத்து, கத்தரிக்கும் குறட்டால் மூன்று துண்டாக நறுக்கினார். அந்த மூன்று துண்டுகளும் குப்பைக்கூடையில் விழுந்த சத்தம் அவர் காதுக்கு இனிமையாக இருந்தது.

வாசலில் மனைவி காத்திருந்தாள். முகத்தைப் பார்த்தே அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஆனாலும் முழுவதையும் சொல்லச் சொல்லிக் கேட்டாள். கேட்டபின் ஒருவித வெற்றியோடு சொன்னாள்:

"என் கதைக்கும் முடிவு கிடைச்சிடுச்சுங்க. பிள்ளைங்களையே கேட்டேன். முயல் எப்படிக் கீழ வரும்னு. ஆளாளுக்கு ஒண்ணு சொல்லிச்சுங்க. ஏணி வைக்கலாம், யானையக் கூப்பிடலாம்னு. ஒரு பொண்ணு மட்டும் எழுந்து, 'டீச்சர், முயல் சும்மா உக்காந்தா எடை பத்தாது. எழுந்து எழுந்து குதிக்கட்டும், கூடை இறங்கிடும்'னு சொல்லுது!"

தராசு அண்ணன் வாய்விட்டுச் சிரித்தார். காலையிலிருந்து உள்ளே அடைபட்டிருந்ததெல்லாம் அந்தச் சிரிப்போடு போயிற்று.

"சரி, கரடியாருக்கு என்ன தண்டனை குடுத்தாங்க?"

"தண்டனையெல்லாம் இல்ல. முயல் நேரா கரடியார்கிட்டப் போச்சாம். 'ரொம்ப நன்றி மாமா, இப்ப விரலை எடுங்க'ன்னு சொல்லிச்சாம். அவரும் எடுத்துட்டாராம்."

அவர் கால் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார். அன்று அவர் இரண்டு முறை சோறு கேட்டு வாங்கினார்.